மூன்று வாரம் குறைக்க வேண்டும்: கிராஷிங்கா, ஃபாஸ்ட் டிராக்கிங்கா?

வணக்கம் நண்பர்களே. 20 வாரத்துக்குத் திட்டமிட்ட மென்பொருள் வேலையை 17 வாரத்தில் கேட்கிறார்கள். கிரிட்டிகல் பாத் (மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடர்) போட்டுப் பார்த்தேன்: வடிவமைப்பு, கோடிங், டேட்டா மாற்றம், சோதனை. அறிக்கைப் பகுதிக்கு 10 நாள் ஸ்லாக் இருக்கிறது, அதாவது அவ்வளவு தாமதமானாலும் முடிவுத் தேதி மாறாது. அதைச் சுருக்கிப் பயனில்லை.

கிராஷிங் என்றால், அதாவது கூடுதல் ஆளோ பணமோ போட்டு நாளைக் குறைப்பதென்றால், கோடிங்குக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாம். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே மூத்த டெவலப்பரின் நேரம் போய்விடுமோ என்று பயம். சரி, ஃபாஸ்ட் டிராக்கிங், அதாவது அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது என்று, வடிவமைப்பு முடிந்த திரைகளுக்கு மட்டும் கோடிங்கை முன்னதாகத் தொடங்கலாம் என்றால், கடைசித் திரையில் ஒரு மாற்றம் வந்தாலும் முதலில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும். சோதனை நாட்களில் கைவைக்க எனக்கு மனமில்லை.

இப்படி வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டியவர்கள், மறுவேலைக்கு எத்தனை நாள் ஒதுக்கினீர்கள்? அப்புறம், ஒரு பாதையைச் சுருக்கியதும் வேறொன்று கிரிட்டிகல் ஆகிவிடுகிறதே, அதை எப்படிக் கவனிக்கிறீர்கள்?