உதவி தேவை: டிஎன்ஏ ஊசி போட்ட சல்மனில பிசிஆர் பொசிட்டிவ். சோதனை எங்கட ஊசியைத்தான் காட்டுதோ?

ஃபியோர்டுக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வே மேற்குக்கரையில ஒரு மீன்குஞ்சு நிலையத்தில ஊசிப் பகுதியில வேலை செய்யிறன். அம்மா அப்பா எண்பதுகளின்ர கடைசியில வடக்க மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவை. அவை வெட்டின மீனோட நிண்டவை, நான் உயிர்மீனோட நிக்கிறன். தமிழில எழுதினால்தான் எனக்கே பிரச்சினை வடிவா விளங்கும் எண்டு இங்க கேக்கிறன்.

வசந்தத்தில கடலில இருக்கிற எட்டு வலைக்கூட்டுக்குச் சல்மன் குஞ்சு அனுப்பினனாங்கள். எல்லாத்துக்கும் வயித்துக்குள்ள வழமையான எண்ணெய் ஊசி போட்டது. அதோட கணைய நோய் எண்ட வைரஸ் நோய்க்கெண்டு முதுகுத் தசையில டிஎன்ஏ ஊசி. கடலுக்குப் போய் ஐஞ்சு கிழமையில மாதாந்தச் சோதனைக்கு 20 மீனின்ர இதயத் துண்டு அனுப்பினவை. மூண்டு பொசிட்டிவ். மூண்டும் 5ஆம் கூட்டு மீன். சாவு கூடேல்லை, தீனும் எடுக்குது.

"ஊசியில என்ன பிழை விட்டனீங்கள்?" எண்டு மேலாளர் கேக்கிறார். நேற்று முழுக்க நித்திரை இல்லை. நாங்கள் போட்டதே வைரசின்ர மரபணுத் துண்டுதானே, அதையே பிசிஆர் பிடிச்சிருக்குமோ? இல்லையெண்டால் ஊசி சரியாப் போகேல்லையோ? அடுத்த கிழமை மீன் தோலில ஒட்டியிருக்கிற கடல்பேனை எடுக்கிற வேலை வேற போட்டிருக்கினம். ஆராவது தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மீன்நலம் எழுதியது:

தங்கச்சி, நான் பேர்கன் பக்கம் மீன்நல வேலையில இருக்கிறன். பொசிட்டிவ் வந்ததெண்டு சொல்லுறதுக்கும் நோய் வந்ததெண்டு சொல்லுறதுக்கும் நடுவில கன தூரம் இருக்கு. முதல்ல அதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

உங்கட முதல் கேள்வி நல்ல கேள்வி, அனுபவக்காரரும் தடுமாறுற இடம். பதில்: இல்லை, சோதனை ஊசியைக் காட்டேல்லை. உந்த ஊசியில இருக்கிற பிளாஸ்மிட்டில, அதாவது வட்டமான டிஎன்ஏ துண்டில, வைரசின்ர கட்டமைப்புப் புரதங்களுக்கான மரபணு மட்டும்தான், அதாவது வைரசின்ர மேலுறையும் உள்ளுறையும். வழமையான பிசிஆர் தேடுறது என்எஸ்பி1 எண்ட வேற மரபணுவை. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள வைச்சிருக்கிற கருவி அது. ஊசியில அது இல்லை. அதோட நீங்கள் ஊசி போட்டது முதுகுத் தசையில, சோதனைக்குப் போனது இதயம். அந்த மூண்டு மீனும் உண்மையான வைரசைச் சந்திச்சிருக்கு.

இப்ப எனக்கு நாலு விசயம் தெரியவேணும். பிசிஆர் தாளில இருக்கிற சிடி எண் எவ்வளவு (எண் கூடினால் வைரஸ் குறைவு), வைரஸ் வகை 2 ஆ 3 ஆ, 5ஆம் கூட்டு மீனுக்கு எந்த நாள் ஊசி போட்டது, அதுக்கும் கடலுக்கும் இடையில தாங்கித் தண்ணியின்ர வெப்பநிலை என்ன. வகை முக்கியம், ஏனெண்டால் ஊசிக்கு அனுமதி கொடுத்தது வகை 3க்கு. நீங்கள் இருக்கிற கரையில வடக்க போகப் போக வகை 2உம் வரும்.

முத்துநகர்மீன் எழுதியது:

தூத்துக்குடியில மீன்வளம் படிச்சவன். சகோதரி, ஊசி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எங்க தவறியிருக்கலாம்னு தேடுறது சுலபம்.

சாதாரணத் தடுப்பூசியில செத்த கிருமியையோ அதோட புரதத்தையோ உள்ள வைக்கிறோம். டிஎன்ஏ ஊசியில புரதம் கிடையாது, அதைச் செய்யுற குறிப்பு மட்டும்தான். தசை செல் அந்தக் குறிப்பை வாங்கிட்டு தானே புரதத்தைச் செய்யுது. வைரஸ் புகுந்த செல் எப்படி நடந்துக்குமோ கிட்டத்தட்ட அப்படி. அதனால எதிர்ப்புப் புரதங்களும் உருவாகும், நோய் புகுந்த செல்லைக் கொல்லுற வெள்ளணுக்களும் தயாராகும். எண்ணெய் ஊசி மாதிரி வயித்துல ஒட்டலும் கருப்புத் திட்டும் வராதது இன்னொரு நல்லது.

ஆனா இதுக்கெல்லாம் மருந்து தசை செல்லுக்குள்ள போயாகணும். 0.05 மில்லிங்கிறது ஒரு சொட்டு அளவு. ஊசி ஆழம் குறைஞ்சாலோ சட்டுன்னு வெளிய இழுத்தாலோ அது துளை வழியா திரும்பி வந்துடும். ஆழம் கூடினா வயித்துக்குள்ள இறங்கும், அங்க அதுக்கு வேலை இல்ல. முதுகுத் துடுப்புக்கு முன்னாடி சின்ன முத்து மாதிரி ஈரம் நின்னுச்சான்னு யாராவது பார்த்தாங்களா? அதைக் கேளுங்க.

மீன்வாசகி எழுதியது:

நான் சாப்பிடுறவள் மட்டும்தான். டிஎன்ஏ ஊசி எண்டால் அது மரபணு மாத்தின மீனோ? பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?

மீன்நலம் எழுதியது:

இல்லை அக்கா. ஊசியில போற டிஎன்ஏ வட்டமான ஒரு துண்டு. தசையில கிடந்து புரதத்தைச் செய்திட்டு மெல்ல மெல்ல அழியும். மீனின்ர சொந்த மரபணுவோட சேர்ந்து முட்டைக்கோ விந்துக்கோ போற சாத்தியம் மிகமிகக் குறைவு எண்டு ஐரோப்பாவில ஆராய்ஞ்சு பாத்துத்தான் 2017இல அனுமதி குடுத்தவை. அதுக்கு 12 வருசத்துக்கு முதலே, 2005இல, கனடாவில அபெக்ஸ்-ஐஎச்என் எண்ட டிஎன்ஏ ஊசிக்கு அனுமதி கிடைச்சது. பிரிட்டிஷ் கொலம்பியாவில 2001 தொடக்கம் 2003 வரை ஐஎச்என் வைரஸ் கூடு கூடாச் சல்மனை அழிச்ச பிறகு வந்த ஊசி அது. நாங்கள் எந்த மீன் சாப்பிட்டாலும் அந்த மீனின்ர டிஎன்ஏ முழுக்க எங்கட வயித்துக்குள்ளதான் போகுது. பிள்ளையளுக்குத் தாராளமாக் குடுங்கோ.

ஊசி இல்லாத காலத்தை அக்கா பாக்கேல்லை. 1987இல நோர்வே மீன்பண்ணையள் ஏறத்தாழ 50 தொன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாவிச்சவை. அண்டைக்கு உற்பத்தி ஒரு லட்சம் தொன் கூட இல்லை. இண்டைக்குப் பத்து லட்சம் தொன்னைத் தாண்டியிட்டுது, அந்த மருந்து பெயருக்குத்தான் பாவிக்கிறம். பக்டீரியா நோயளுக்கு வந்த ஊசியளால நடந்த மாற்றம் அது. வைரசுக்கு மருந்தே இல்லாதபடியால், அங்க ஊசியைத்தான் பெரிசா நம்பியிருக்கிறம்.

ஃபியோர்டுக்கரை எழுதியது:

மீன்நலம் அண்ணை, முத்துநகர் அண்ணா, ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. இண்டைக்கு மத்தியானம் பழைய தாள் எல்லாம் எடுத்துப் பாத்தன்.

சிடி மூண்டு மீனிலயும் 33க்கும் 35க்கும் இடையில. வகை 3. எங்களில இருந்து நாலு கிலோமீற்றர் உள்ளுக்கு இருக்கிற ஒரு பண்ணையில போன மாதம் கணைய நோய் உறுதியானது எண்டும் இண்டைக்குத்தான் தெரியும்.

ஊசிக் கசிவு: ஒவ்வொரு மணித்தியாலமும் 20 மீனை எடுத்துத் துளையைப் பாத்து எழுதுறனாங்கள். 5ஆம் கூட்டுக்குப் போன மீனுக்கு அந்த நாள் முழுக்க எடுத்த தாளில ஒரே ஒரு மீனுக்குத்தான் கசிவு எண்டு குறிச்சிருக்கு. அது என்ர கையெழுத்துத்தான். அந்த மீன் எனக்கு நல்ல ஞாபகம். மயக்கத்தில மேசையில கிடந்தது, துடுப்புக்கு முன்னால கடுகளவு நீர் மினுங்கினது, விரலால துடைச்சுப்போட்டுத் திருப்பி ஊசி போட்டன்.

ஆனால் வேற ஒண்டு கண்டன். தரம் பிரிக்கேக்க சின்ன மீனை ஒதுக்கி, வளரட்டும் எண்டு விட்டு ரெண்டு கிழமை பிந்தித்தான் ஊசி போட்டனாங்கள். கப்பல் வந்த அண்டைக்கு எல்லாத்தையும் ஒரேயடியா ஏத்தினம். அந்தச் சின்ன மீன் முழுக்கப் போனது 5ஆம் கூட்டுக்கு. தாங்கித் தண்ணி 8 பாகை. மற்றக் கூட்டு மீனுக்கு ஊசிக்கும் கடலுக்கும் இடையில 52 நாள். 5ஆம் கூட்டுக்கு 38 நாள்.

மீன்நலம் எழுதியது:

தங்கச்சி, உங்கட விடை உந்த ரெண்டு எண்ணுக்குள்ள இருக்கு.

மீனுக்கு எங்களைப்போல உடம்புச் சூடு இல்லை. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வேகமா வளருறதெண்டதைத் தண்ணிதான் தீர்மானிக்கும். அதாலதான் நாளை எண்ணாமல் பாகை-நாள் எண்ணுறது: வெப்பநிலை தர நாள். இந்த ஊசிக்குக் காப்பு வரக் கேக்கிறது 399 பாகை-நாள். மற்றக் கூடு 8 தர 52, அதாவது 416, கடந்திட்டுது. 5ஆம் கூடு 8 தர 38, அதாவது 304. இன்னும் 95 பாக்கி. கடல் 9 பாகை எண்டால் கடலுக்கு வந்து 11 நாளாகும் அதை நிரப்ப. பக்கத்தில நோய் இருக்கேக்க அந்த 11 நாளும் முழுக் காப்பில்லாமல் தண்ணிக்குள்ள நிண்டிருக்கு.

ஒரு நியாயத்தையும் சொல்லவேணும். ட்ரவுட் மீனில செய்த ஆய்வுகளில, டிஎன்ஏ ஊசி போட்ட முதல் கிழமையிலயே இன்டர்ஃபெரோன் எண்ட வைரஸ் எதிர்ப்புப் புரதம் எழும்பி ஒரு பொதுவான தற்காலிகக் காப்புக் குடுத்ததைக் கண்டிருக்கினம். அது குறையிற காலத்துக்கும் முழுக் காப்பு வாறதுக்கும் இடையிலதான் உங்கட மீன் கப்பலில ஏறியிருக்கு. கப்பல், உப்புத் தண்ணி, புது வலை எண்டு எல்லா அழுத்தமும் ஒண்டா. 5ஆம் கூட்டில மட்டும் வந்ததுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியேல்லை. ஊசி முனையில பிழை இல்லை. கப்பல் திகதியிலதான் பிழை.

அதோட, 399ஐத் தாண்டின மீனிலயும் பொசிட்டிவ் வரலாம். ஊசி பொறுப்பெடுக்கிறது சாவைக் குறைக்க, வளர்ச்சி நிக்காமல் பாக்க, இதயமும் கணையமும் தசையும் அழியிறதைக் குறைக்க. வைரஸ் உள்ளுக்கே வராது எண்டு அது சொல்லேல்லை. உங்கட மேலாளருக்கு இதை எழுத்தில குடுங்கோ.

இப்ப அவசரமானது கடல்பேன் வேலை. கணைய நோய் மீனின்ர இதயத் தசையையும் பலவீனமாக்கும். சும்மா நிண்டால் தெரியாது. பம்பில ஏத்தி, வெந்நீரில விட்டு, தூரிகையில தேய்ச்சால் அடுத்த நாள் வலைக்கடியில சாவு குவியும். 5ஆம் கூட்டையாவது தள்ளிப்போடக் கேளுங்கோ. ரெண்டு கிழமையால திருப்பி மாதிரி எடுத்து, இதயமும் கணையமும் நுண்ணோக்கியில பாக்க அனுப்புங்கோ. பொசிட்டிவ் வந்ததை உணவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிச்சாச்சோ எண்டும் கேளுங்கோ, அது சட்டம். பசி குறையுதோ, மலம் மஞ்சள் நூல் மாதிரி மிதக்குதோ எண்டு தினமும் பாக்கச் சொல்லுங்கோ. கணையம் போனால் முதல் தெரியிறது அதுதான்.

கொடுவாப்பண்ணை எழுதியது:

நாகப்பட்டினத்துல கொடுவா வளர்க்கிறேன், பக்கத்துல வனாமி இறாலும் இருக்கு. எங்களுக்கு இந்த டிஎன்ஏ ஊசி கிடைக்குமா?

முத்துநகர்மீன் எழுதியது:

அண்ணே, வனாமியை விட்டுடுங்க. இறாலுக்கு மீன் மாதிரி எதிர்ப்புப் புரதம் உருவாகாது, அதனால அங்க இந்த வகை ஊசியை நம்ப முடியாது. யாராவது வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊசின்னு விற்க வந்தா காசு கொடுத்துடாதீங்க. சுத்தமான குஞ்சும் குளக் கட்டுப்பாடும்தான் வழி.

கொடுவா வேற கதை. மேல்விசாரத்துல அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் 2008லயே கொடுவாவுக்கு விப்ரியோ பாக்டீரியா நோய்க்கு எதிரா டிஎன்ஏ ஊசியை கைட்டோசான் நுண்துகளில் பொதிஞ்சு தீனியோட கொடுத்துப் பார்த்தாங்க. கைட்டோசான் இறால் ஓட்டுல இருந்து எடுக்கிறதுதான். ஓரளவு காப்பு கிடைச்சது, ஆனா பண்ணைக்குப் போதுற அளவு இல்ல. வாய் வழியா டிஎன்ஏ போனா குடல்லயே சிதையுதுங்கிறதுதான் இன்னைக்கும் பெரிய தடை. நரம்பு நோய்க்கு சென்னை சிபா, அதாவது உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், கொண்டுவந்த நோடாவாக்-ஆர் ஊசி இருக்கு. அது டிஎன்ஏ ஊசி இல்ல, புரதத்தைச் செஞ்சு வச்சுப் போடுறது. முட்டுக்காட்டுல இருக்கிற அவங்க நிலையத்துல நேரா கேளுங்க.

ஃபியோர்டுக்கரை எழுதியது:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், பிந்தினதுக்கு மன்னிக்கவேணும். அண்ணை சொன்ன கணக்கை அப்பிடியே ஒரு தாளில எழுதி மேலாளரிட்டக் குடுத்தன். அவர் கனநேரம் பேசாமல் பாத்திட்டு, கப்பலுக்குத் திகதி போட்டது தான்தான் எண்டு சொன்னார். எனக்கு அண்டைக்கு நெஞ்சில இருந்த கல்லு இறங்கினது.

5ஆம் கூட்டுக்குக் கடல்பேன் வேலையைத் தள்ளிப்போட்டிட்டினம். திருப்பி எடுத்த மாதிரியில ரெண்டு மீன் பொசிட்டிவ், சிடி திரும்பவும் 34. இதயத்தில ஒரு மீனுக்கு மட்டும் லேசான மாற்றம், கணையம் எல்லாத்திலயும் முழுசா இருக்கு. தீன் குறையேல்லை.

அடுத்த கூட்டம் குஞ்சுக்குப் புதன்கிழமை ஊசி. தாங்கித் தண்ணி இப்ப 7 பாகை. ஊசி மேசைக்கு மேல கரும்பலகையில "57 நாள்" எண்டு எழுதி வைச்சிருக்கிறன்.