பாப்பா போட்டோ எல்லாம் கலங்கலா, மஞ்சளா வருது. அவசரம், உதவுங்க

புதுப்படம்: பண்டிகை வாழ்த்து அட்டைக்காக வீட்டிலேயே பாப்பாவைப் படம் எடுக்கிறேன். ஸ்டுடியோ செலவு கட்டுப்படியாகாது. பின்னாடி துணி கட்டி, சீரியல் லைட்டும் தொங்கவிட்டாச்சு. எத்தனை எடுத்தாலும் முகம் கலங்கி, மஞ்சளாத்தான் வருது. எந்த செட்டிங்கை மாத்தணும்? சீக்கிரம் அச்சுக்குக் கொடுக்கணும்.

குட்டிக்கால்: போனா, கேமராவா? பகலா, ராத்திரியா? பாப்பாவுக்கு என்ன வயசு, நடக்குதா? இதெல்லாம் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்.

லென்ஸ்பிரியன்: எதுவானாலும் குறை லென்ஸில்தான். பழைய கேமரா ஒன்று, கூட 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், அதாவது பெரிய துளையால் நிறைய வெளிச்சம் விடுவது. இரவல் கிடைத்தாலும் போதும்.

ஜன்னலோரம்: செலவு பண்ண முடியாதுன்னு சொல்றவங்ககிட்ட லென்ஸா? அந்த லென்ஸ் துளையை முழுசாத் திறந்து ஒன்றரை மீட்டர்ல எடுத்தா, சாதாரண கிராப் சென்சார் (கொஞ்சம் சின்ன சென்சார்) கேமராவில் தெளிவா விழுற ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். பாப்பா லேசா முன்னாடி சாய்ஞ்சாலே கண் ஃபோகஸ் போயிடும்.

லென்ஸ்பிரியன்: துளையைச் சிறிதாக்கி எஃப் 2.8 வைத்தால் அந்த ஆழம் ஒன்றரை மடங்காகும். பின்னணியை மங்கலாக்கும் போனின் போர்ட்ரெய்ட் மோட் முடி ஓரத்தையும் காதையும் வெட்டித் தள்ளுமே, அது பரவாயில்லையா?

ஐஎஸ்ஓநூறு: இது அடிப்படைப் பாடம், கேட்கும் முன் கொஞ்சம் படித்திருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். துணியும் முகமும் சேர்ந்து இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. துணி தெளிவாக இருந்து முகம் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் அசைந்தது குழந்தை. இழுபடாமல் மெத்தென்று இருந்தால் ஃபோகஸ் துணியில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் "எந்த செட்டிங்" என்று கேட்பது பயனற்றது.

புதுப்படம்: போன்தான். ஒன்றேகால் வயசு, நிக்கவே மாட்டா. ராத்திரிதான் எடுக்க நேரம். எல்இடி பல்பு. நைட் மோட் தானா வந்துடுது. துணி தெளிவா இருக்கு, முகம்தான் இழுபடுது.

குட்டிக்கால்: கிடைச்சிடுச்சு, நைட் மோட்தான். அது பல ஃப்ரேமை அடுத்தடுத்து எடுத்து ஒண்ணாச் சேர்க்கும். அசையாத துணி அழகா வரும், அசையுற முகம் கரைஞ்சுடும். முதல்ல அதை அணைங்க. நாமே செட்டிங் மாத்துற ப்ரோ மோட் இருந்தா ஷட்டரை 1/250 நொடியில வையுங்க, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800 வரை ஏறிப் படம் புள்ளி புள்ளியா ஆனாலும் கவலை இல்லை. சின்ன அட்டையில் புள்ளி அவ்வளவாத் தெரியாது, கலங்கல் கட்டாயம் தெரியும். ஆனா பல்பு வெளிச்சத்துல 1/250 வெச்சா படம் இருட்டும். அதனால ஒரே ஒரு விடுமுறை நாள் பகலாவது ஒதுக்குங்க.

ஜன்னலோரம்: பகல்ல ஜன்னலுக்குப் பக்கவாட்டுல, மூணு நாலு அடிக்குள்ள உட்கார வையுங்க. நேர் வெயில் விழுந்தா மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்க. முகத்தோட இருட்டுப் பக்கம் வெள்ளை சார்ட் அல்லது தெர்மகோல் பலகை, முகத்துக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட, ஃப்ரேமுக்கு வெளியே. ரூம் பல்பை அணைச்சே ஆகணும். வெளிச்ச நிறத்தை கெல்வின்ல சொல்வாங்க: மஞ்சள் வீட்டு பல்பு 2700, 3000 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம். ரெண்டும் முகத்துல கலந்தா ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். நிறத்தைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் செட்டிங் எதுவும் அதைச் சரி பண்ணாது. சீரியல் லைட் மட்டும் எரியட்டும், அது முகத்துல விழாது. துணிக்கும் பாப்பாவுக்கும் நடுவுல அஞ்சு அடி விடுங்க, சுருக்கமும் நிழலும் மறையும்.

லென்ஸ்பிரியன்: ராத்திரிதான் முடியும் என்றால் ஃபிளாஷ் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டலாமே?

ஐஎஸ்ஓநூறு: வெளிச்சம் குறையும், ஒளி வரும் இடத்தின் அளவு மாறாது. அளவு மாறாமல் நிழல் மென்மையாகாது. இத்தனை நாள் இங்கே இருந்தும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்இடி பல்பில் ஷட்டரை ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. கோடு விழாமல் இருக்க ஷட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/120. அதற்கு மேல் போனால் பல்பைப் பொறுத்தது.

லென்ஸ்பிரியன்: 1/100ல் நடக்கிற குழந்தை படத்தில் இழுபடாமல் நிற்குமா?

ஐஎஸ்ஓநூறு: உட்கார்ந்திருந்தால் நிற்கும். அதற்குத்தான் ஒரு பொருளைக் கையில் கொடுப்பது.

குட்டிக்கால்: கையில் கொடுக்கிறது சீரியல் லைட்டா இருக்க வேண்டாம். ஒயர் கழுத்துல சுத்தும். பட்டன் பேட்டரி போடுற வகை இன்னும் ஆபத்து, முழுங்கிட்டா உணவுக்குழாயையே அரிச்சுடும். மரக்கரண்டி, சின்னப் பெட்டி போதும். பெட்டியைத் திறந்து பார்க்கிற நொடிதான் நல்ல முகம், அப்ப அடுத்தடுத்துப் பல படம் எடுக்கிற பர்ஸ்ட்ல அழுத்திப் பிடிங்க. போனை அவ கண் உயரத்துக்கு இறக்கி, 2எக்ஸ் ஜூம்ல தள்ளி நின்னு எடுங்க. 1எக்ஸ்ல கிட்டப் போனா மூக்கு பெருசாத் தெரியும். தூக்கம், சாப்பாடு முடிஞ்சதும் எடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க.

ஜன்னலோரம்: போன் லென்ஸைத் துணியால துடைங்க. விரல் ரேகை இருந்தா ஒவ்வொரு சீரியல் பல்பும் புகைமூட்டமாத் தெரியும்.

லென்ஸ்பிரியன்: பல போன்களில் 2எக்ஸ் என்பது நடுப்பகுதியை வெட்டி எடுப்பதுதான். தரம் குறையும்.

ஜன்னலோரம்: கையளவு அட்டைக்குக் குறையாது. 12 மெகாபிக்சலில் நடுவை வெட்டினாலும் 3 மெகாபிக்சல் மிச்சம். 6க்கு 4 அங்குலத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சடிக்க 1800க்கு 1200, அதாவது 2.2 மெகாபிக்சல் போதும்.

லென்ஸ்பிரியன்: அங்குலக் கணக்கு சரி. வெட்டின படத்தில் புள்ளியும் சேர்ந்து பெரிதாகுமே?

புதுப்படம்: ஜன்னல்ல எடுத்தேன், மஞ்சள் போச்சு. பெட்டி வேலை செய்யுது. ரெண்டு படம் தேறிச்சு, அச்சுக்குக் கொடுத்தாச்சு. நன்றி.