730 நாள் உள்ளேயா, வெளியேயா?

கணக்குப்பிள்ளை
மூணு நாளா வாட்ஸப்பில் ஒரு ஆடியோ சுத்திக்கிட்டிருக்கு. கேட்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 2024 ஆகஸ்டில் பி.ஆரோட (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) டொராண்டோ வந்து இறங்கின குடும்பம். வந்து பதினாலு மாசம். மகள் கிரேட் 10, வர்ற மார்ச்சில் 16 முடியுது. அதே ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவங்களுக்கான) வகுப்பில் படிக்கிற 16 வயசுப் பையனோட காதல். ஏழு நாள் ஸ்கூலுக்குப் போகலை, வீட்டில் யாருக்கும் தெரியலை. அப்பா ஒரு அறை விட்டு போனைப் பிடுங்கிட்டார். அன்னிலேர்ந்து அப்பாகிட்ட அம்மா பேசறதில்லை. ஆடியோவில் பேசற பெரியவர் தீர்ப்பு சொல்றார்: "ரெண்டு வருஷம் ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட விடுங்க, சரியாயிடும். பையன் மேல ஒரு கேஸ் போடுங்க. பி.ஆருக்கு ஒண்ணும் ஆகாது, 730 நாள் வெளியே இருக்க அனுமதி உண்டு."

அனுமதியாம்! 730 என்பது உள்ளே இருக்க வேண்டிய நாள் ஐயா. அஞ்சு வருஷத்தில் குறைஞ்சது 730 நாள் கனடாவுக்குள்ள இருக்கணும். வெளியே இருக்கிறதுக்கு 730னு சட்டத்தில் எந்த மூலையிலும் கிடையாது. இதைக்கூடத் தெரிஞ்சுக்காமத்தான் மைக்கைப் பிடிக்கிறாங்க.

ராஜவேலு
கணக்கு சார், பேருக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கழிச்சுப் பாருங்க. அஞ்சு வருஷம் 1825 நாள். 730 போனா 1095. பொண்ணு ரெண்டு வருஷம் வெளியே இருந்தாலும் இன்னும் ஒரு வருஷம் கையில் மிச்சம். பெரியவர் சொன்னதில் பி.ஆருக்கு என்ன கெட்டுப்போச்சு?

கணக்குப்பிள்ளை
விடை சரி, வழிமுறை தப்பு. மார்க் கிடையாது. "வெளியே 730 தான்"னு நம்பி, 800 நாள் ஊரில் இருந்துட்டவங்க பி.ஆர். போயிடுச்சுன்னு பயந்து தாங்களே எழுதிக் கொடுத்துட்டு விசிட்டர் விசாவுக்கு அலையறாங்க. ஒரு தப்பான நம்பரோட வேலை அது. 730 உள்ளே. உள்ளே. வெளியே 1095.

வன்னிப்பூ
நீங்கள் ரெண்டு பேரும் நாளை எண்ணிக்கொண்டிருங்கோ. பிள்ளை இப்ப முதலாம் செமஸ்டரில இருக்குது. ஒரு செமஸ்டருக்கு நாலு கிரெடிட், வருசத்துக்கு எட்டு. போன வருசம் எல்லாம் பாஸ் எண்டால் கையில எட்டு இருக்கும். இப்ப டிக்கெட் போட்டால் ஓடிக்கொண்டிருக்கிற நாலும் போச்சுது. ஒரு கிரெடிட்டுக்கு 110 மணித்தியாலம். இடையில விட்டால் பாதி கிரெடிட் தரமாட்டினம். ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு 30 வேணும், அதோட 40 மணித்தியாலம் சமூக சேவை, எழுத்தறிவுச் சோதனை. அங்க படிச்சதுக்கு எத்தினை கிரெடிட் எண்டு தீர்மானிக்கிறது திரும்பி வந்தாப் பிறகு சேருற பள்ளிக்கூடத்து அதிபர். 18 வயசு வாசலில நிண்டு கொண்டு எட்டில இருந்து எண்ணத் தொடங்கிற பிள்ளைக்கு "சரியாயிடும்" எண்டால் என்ன அர்த்தம்?

இன்னொண்டு. ஏழு நாள் ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். ஏன் தெரியேல்லை? பள்ளிக்கூடத்தில பதியேக்க படிவம் நிரப்பினது ஆர்? வீட்டில இங்கிலிஸ் ஓடுறது அவளுக்குத்தான். தொடர்பு எண் எண்ட பெட்டிக்குள்ள தன்ர நம்பரைப் போட்டிருப்பாள். பிள்ளை வரேல்லை எண்டு வாற தானியங்கி அழைப்பு அவளின்ர போனுக்குத்தான் போகும். இப்ப அந்தப் போன் அப்பாவின்ர மேசை லாச்சிக்குள்ள கிடந்து அடிச்சுக்கொண்டிருக்கும், அவர் அதை அந்தப் பெடியன் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பார். அடையாள அட்டையோட ஒஃபிசுக்குப் போய் நம்பரை மாத்த பத்து நிமிசம் போதும். ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை, எல்லாரும் விமான டிக்கெட்டுக்குப் போயிட்டியள்.

ராஜவேலு
"பாதி கிரெடிட் தரமாட்டினம்" தப்பு. கிரேட் 10 சிவிக்ஸ் (குடிமையியல்) அரை கிரெடிட், கரியர்ஸ் (தொழில் வழிகாட்டல்) அரை கிரெடிட். ரெண்டும் சேர்ந்துதான் ஒண்ணு. செமஸ்டரில் பாதியில் போனாலும் அதில் ஒரு அரை முடிஞ்சிருக்கும்.

வன்னிப்பூ
எட்டரை கிரெடிட்டோட போகட்டும், சந்தோசமோ?

கணக்குப்பிள்ளை
நாம பேச்சை மாத்தறோம். 730 பத்தி யாரும் பதில் சொல்லலை. இன்னும் ஒரு விஷயம் சேர்த்துக்கோங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் பி.ஆர்.தான், இங்கே இருக்காங்க. பொண்ணு தாத்தா வீட்டில் இருக்கிற நாள் ஒண்ணுகூடக் கணக்கில் சேராது. கனடா சிட்டிசனான அம்மாவோ அப்பாவோ, இல்லை கனடா நிறுவனமோ அரசோ முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பின பி.ஆர். அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்தாத்தான் பிள்ளையோட நாள் உள்ளே இருந்ததா எண்ணப்படும். தாத்தா கூட இருந்தா அது வெறும் வெளியே.

மணல்மேடு
குடியுரிமையை யாரும் தொடவில்லை. பெற்றோர் ஐந்து ஆண்டில் 1095 நாள் இங்கே இருந்தபின் விண்ணப்பிக்கலாம், அதாவது விட்டு விட்டுப் போகாமல் இருந்தால் 2027 ஆகஸ்டுக்குப் பின். அப்போது அந்தப் பெண்ணுக்கு 17. பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நாள் கணக்கே கிடையாது, பி.ஆர். இருந்தால் போதும். ஆனால் 14 தாண்டியவர் உறுதிமொழி எடுக்க வேண்டும், அதற்கு ஊரிலிருந்து வர வேண்டும். பெற்றோர் சோம்பி 2028 மார்ச்சைத் தாண்டவிட்டால் அவளுக்கு 18 ஆகிவிடும். தன் சொந்த 1095 நாளை அவளே எண்ணிக்காட்ட வேண்டும். இரண்டு வருடம் ஊரில் இருந்தவளிடம் அது இருக்காது.

ராஜவேலு
இப்போ 1095 உள்ளேயா வெளியேயா? ஒருத்தர் வெளியேங்கறார், ஒருத்தர் உள்ளேங்கறார்.

கணக்குப்பிள்ளை
பி.ஆருக்கு 1095 வெளியே போகலாம். சிட்டிசன்ஷிப்புக்கு 1095 உள்ளே இருக்கணும். நம்பர் ஒண்ணு, விஷயம் ரெண்டு. இதைப் போட்டுக் குழப்பறவங்களால்தான் அந்த ஆடியோ மாதிரி ஆடியோ வருது. நான் பேசறது 730.

சும்மா வந்தவன்
பொண்ணுக்கு 16 ஆகறதுக்குள்ள முடிப்பீங்களா?

மணல்மேடு
கேட்டது நல்லதாயிற்று. மார்ச்சில் 16 ஆனதும் ஆட்டம் மாறுகிறது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 16 ஆனவர் பெற்றோர் கட்டுப்பாட்டிலிருந்து விலகலாம். காவல்துறை வீட்டுக்கு இழுத்து வந்து விடாது. விலகிவிட்டால் பள்ளி விஷயத்தில் பெற்றோருக்கு இருந்த உரிமை முழுக்க மாணவரிடம் போய்விடும், மதிப்பெண் அட்டை உட்பட. 16, 17 வயதினருக்குச் சிறார் நலச் சங்கத்துடன் (பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பு) தானே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தங்குமிடம் பெறும் வழியும் 2018 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

அடுத்து, அப்பா விட்ட அந்த அறை. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெற்றோர் திருத்துவதற்காக அடித்தேன் என்கிற தற்காப்பு பதின்வயதினரை அடித்ததற்குச் செல்லாது. தலையில், முகத்தில் அடித்தால் எந்த வயதுப் பிள்ளைக்கும் செல்லாது. அந்தப் பெண் ஓர் ஆசிரியரிடம் வாய் திறந்தால், 16 ஆகாதவரை அவர் சிறார் நலச் சங்கத்துக்குத் தானே அழைத்துச் சொல்லியாக வேண்டும். "பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன்" என்று நிறுத்திக்கொள்ள அவருக்கு அனுமதியில்லை.

பையன் மேல் கேஸ்: நடக்காது. இங்கே சம்மத வயது 16. ஆனால் 14, 15 வயதினருக்கு ஐந்து வயதுக்குள் மூத்த இணை என்றால் விலக்கு உண்டு. 15க்கும் 16க்கும் நடுவே போலீஸுக்கு வேலையில்லை.

ராஜவேலு
அதனால்தான் ஊருக்கு அனுப்பச் சொல்றாங்க. அங்கே இந்தச் சட்டமெல்லாம் இல்லை.

மணல்மேடு
அங்கே இருப்பது இதைவிடக் கடுமையானது. இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்தில் (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கோடு 18. வயது நெருக்கத்துக்கு விலக்கே கிடையாது. ஊரில் போய் அவள் யாரையாவது விரும்பி உடலளவில் நெருங்கினால், அந்தப் பையன் உள்ளே போக வேண்டி வரலாம். காதலை நிறுத்த அனுப்பும் இடத்தில் காதலுக்கு ஜெயில். இதையும் ஆடியோவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வன்னிப்பூ
அங்க பள்ளிக்கூடமும் டிசி கேக்கும். ஒன்டாரியோவில ட்ரான்ஸ்கிரிப்ட் தருவினம், டிசி எண்டு ஒரு கடதாசி இல்லை. நடு வருசத்தில பத்தாம் வகுப்புக்கு ஆர் சேர்ப்பினம்? ஒன்பதில திருப்பி இருத்துவினம். அவமானத்தில இன்னும் கொஞ்சம் போகும். அந்தப் பொலிஸ் பயத்தைக் காட்டுறதுக்குப் பதிலா, பள்ளிக்கூடத்துக்கு வாற ஸ்விஸ் (SWIS எண்ட குடியேற்ற உதவித் திட்டம்) ஆள் ஒருத்தர் இருப்பார், புதுசா வந்த குடும்பங்களுக்கு உதவுற வேலைதான் அவருக்கு, காசில்லை. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ. மகளையே மொழிபெயர்க்க வைச்சால் டீச்சர் சொன்ன பத்தில அம்மாவுக்குக் கிடைக்கிறது நாலு.

ராஜவேலு
"பொலிஸ்" இல்லைங்க, போலீஸ். "கடதாசி" இல்லை, காகிதம். முதல்ல தமிழை ஒழுங்கா எழுதலாம்.

வன்னிப்பூ
ஓ, போலீஸ் தமிழோ? எந்தச் சங்க இலக்கியத்தில வருது?

சும்மா வந்தவன்
டொராண்டோவா ரொறன்ரோவான்னு ஆரம்பிக்க இன்னும் மூணு பதிவு ஆகும்னு நினைச்சேன். நேரா போலீஸுக்கே போயிட்டீங்க.

வன்னிப்பூ
ரொறன்ரோ தான். அதில என்ன சந்தேகம்?

கணக்குப்பிள்ளை
எழுத்துப்பிழைக்கு வேற இழை திறங்க. நான் கேட்டது ஒரே கேள்வி, ராஜவேலு இன்னும் ஒத்துக்கலை. 730 உள்ளேயா வெளியேயா? ஆமா இல்லைன்னு சொல்லுங்க.

ஒத்துக்காட்டியும் பரவாயில்லை, நடைமுறையைப் பாருங்க. பி.ஆர். கார்டு இல்லாம திரும்பி வர விமானத்தில் ஏத்த மாட்டாங்க. வெளியே இருக்கும்போது கார்டு காலாவதியானா ட்ராவல் டாக்குமென்ட் வாங்கணும், அந்த இடத்தில்தான் 730ஐ எண்ணுவாங்க. "பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே, யாருக்குத் தெரியும்"னு சொல்லாதீங்க, 2020லிருந்து விமானத்தில் வெளியே போற தகவலும் எல்லைப் பிரிவுக்குப் போகுது. பொண்ணோட கணக்கு: இதுவரை சுமார் 425 நாள் உள்ளே. 730க்கு இன்னும் 305 வேணும். அவளுக்கு 2029 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கு. இப்படித்தான் எண்ணணும்.

ராஜவேலு
அப்போ ரெண்டு வருஷம் போய்ட்டு வரலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

கணக்குப்பிள்ளை
வரலாம்தான். காரணம் 730 வெளியே அனுமதிங்கறதால இல்லை.

மணல்மேடு
அந்த 305 நாள் எட்டாமல் போனாலும் உடனே கதை முடியாது. பிள்ளையின் நலனைக் கருதி மனிதாபிமான அடிப்படையில் அதிகாரி விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 15 வயதில் டிக்கெட் போட்டது அவள் இல்லையே.

இன்னொன்று: சி.சி.பி., அதாவது கனடா அரசின் குழந்தைகள் உதவித்தொகை, பிள்ளை உடன் வசிப்பதற்குத் தருகிற பணம். தாத்தா வீட்டில் விட்டுவிட்டு வரித்துறைக்குச் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தால் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்தப் பணம் வழக்கமாக அம்மா பெயரில் வருவது. இப்போதே பேசாதிருக்கும் வீட்டில் அந்தக் கடிதம் யார் கையில் கிடைக்கும் என்று யோசியுங்கள்.

ராஜவேலு
எல்லாரும் சட்டம் பேசுங்க. ஊர்ல தாத்தா பாட்டி கண்டிப்பில் வளர்ந்த பிள்ளைங்க கெட்டா போச்சு?

வன்னிப்பூ
மகன் எண்டால் அனுப்புவியளோ? அந்தப் பெடியனை அவன்ர வீட்டுக்காரர் எங்கயும் அனுப்பேல்லைப் போல இருக்கே.

ராஜவேலு
அது வேற விஷயம்.

வன்னிப்பூ
அதுதான் விஷயம்.

கணக்குப்பிள்ளை
திரும்பத் திரும்ப உணர்ச்சிக்குப் போறோம். 730.

ராஜவேலு
சார், உங்க துல்லியம் எங்களுக்குத் தெரியும். சூப்பர் விசா (பெற்றோர், தாத்தா பாட்டி வந்து தங்கறதுக்கானது) இழையில் "ஒரு தடவை வந்தா ரெண்டு வருஷம்தான்"னு நாலு பக்கம் அடிச்சுப் பேசினீங்க. 2022 ஜூலையிலேயே அது அஞ்சு வருஷமா மாறியாச்சு. அதுக்கு இன்னிவரை ஒரு வரி வருத்தம் வரலை.

கணக்குப்பிள்ளை
அந்த இழையில் நான் பேசினது ஜூலைக்கு முன்னாடி வந்தவங்களைப் பத்தி. முழுசாப் படிச்சுட்டு வாங்க.

ராஜவேலு
படிச்சேன். இல்லை. சரி, உங்க 1095க்கே வர்றேன். 2024 ஆகஸ்ட் முதல் 2029 ஆகஸ்ட் வரை எண்ணினீங்களா? நடுவில் 2028 வருது. லீப் வருஷம். மொத்தம் 1826 நாள். 730 கழிச்சா 1096. ரெண்டு தடவை எங்களுக்கு 1095னு பாடம் எடுத்திருக்கீங்க.

சும்மா வந்தவன்
போச்சு.

கணக்குப்பிள்ளை
1825னு முதல்ல எழுதினது நீங்க. நான் உங்க கழித்தலை ஏத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அது வெளியே இருக்கிற கணக்கு, மாறும். 730 மாறலை பாருங்க.

வன்னிப்பூ
அந்தப் பள்ளிக்கூட நம்பரை ஆராவது மாத்தினவையோ?

ராஜவேலு
1096 சார். ஒத்துக்கோங்க.

கணக்குப்பிள்ளை
முதல்ல நீங்க 730 உள்ளேன்னு எழுதுங்க.