கடன் அடைத்த வீட்டை விற்கிறோம்: எதில் கவனமாக இருக்கணும்?

கேள்வி:
மதுரையில் 2012-ல் வாங்கிய வீடு. வங்கிக் கடன் முடிஞ்சு பத்திரமும் கைக்கு வந்தாச்சு. 72 லட்சத்துக்குப் பேசியிருக்கோம். முன்பணம் 5 லட்சம் ரொக்கமா தர்றாங்களாம். வாங்கலாமா?

பதில் 1:
ரொக்கம் வேண்டவே வேண்டாம் சார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமா வாங்கினால், அதே தொகையை அபராதமா விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கு. அது விற்பவர் தலையில்தான் விழும். காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும்.

பதில் 2:
அதைவிட முக்கியம், இன்றைய தேதி வரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திரம் திரும்பி வந்தா கடன் பதிவு தானாக நீங்கிடாது. கடன் வாங்கும்போது எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானமா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) பதிஞ்சிருந்தா, வங்கி தரப்பில் கடன் தீர்ந்ததுக்கு ரசீது ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியணும். அதுவரை வில்லங்கத்தில் அடமானம் நிற்கும். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் அங்கேயே நிறுத்திடுவார். வங்கியிலிருந்து ஆள் வரவே நாளாகும். ஒப்பந்தம் போடும் முன்னாடியே முடிச்சிடுங்க, இல்லேன்னா கெடு தாண்டிடும். பட்டா, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு மூணும் உங்க பெயரில் இருக்கணும்.

பதில் 3:
விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் 1% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார், அதாவது 72,000. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் லாபத்துக்கு வரி, பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%, சரிக்கட்டலுடன் 20% என இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்க. மாடி எடுத்த பில் இருந்தா தூக்கிப் போடாதீங்க, லாபக் கணக்கில் அந்தச் செலவையும் கழிக்கலாம்.