பிறமொழி கற்கும் வகுப்பில் கதை கட்டாயமா?

கயல்விழி: கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. பாடநூல் காட்டும் பண்பாடு உணவு, உடை, பண்டிகையோடு நின்றுவிடுகிறது. கதையில் ஒரு மகன் தந்தையின் எதிரே உட்காராமல் நிற்கிறான் என்றால், ஏன் நிற்கிறான், உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மாணவர் யோசித்தே ஆகவேண்டும். பண்பாடு கடந்து பழகும் திறனை மொழிக்கல்வி அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் ஐந்து கூறுகளாகப் பிரித்தார். தகவலறிவு அதில் ஒன்றுதான். மனப்பாங்கும், தன் பண்பாட்டையே எடைபோட்டுப் பார்ப்பதும் அதே பட்டியலில் உண்டு.

மாறன்: என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாவலைப் படித்துவிட்டு 'அந்த நாட்டு ஆண்கள் எல்லோரும் முரடர்கள்' என்று எழுதித் தரும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'ஒற்றைக் கதையின் ஆபத்து' என்று நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் டெட் (TED) உரை மேடையில் பேசியது இதைத்தானே? தவிர, ஆங்கில நாவலைத் தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிய வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு. இடைநிலை மாணவர் எங்கே, அது எங்கே? அந்த மொழிக்காரர் ஒருவரோடு காணொளியில் அரைமணி நேரம் பேசவிடுங்கள், போதும்.

கயல்விழி: அடிச்சி கதையே வேண்டாம் என்றாரா? பிரிட்டிஷ், அமெரிக்க நூல்களையே படித்து வளர்ந்ததால் சிறுவயதில் தான் எழுதிய கதைகளிலும் நீலக்கண் பிள்ளைகள் பனியில் விளையாடினார்கள் என்கிறார். ஆப்பிரிக்க எழுத்தாளர்களைப் படித்த பிறகே அது மாறியது என்பதும் அதே உரையில் இருக்கிறது. ஆக, ஒற்றைக் கதைக்கு மருந்து இன்னும் பல கதைகள். காணொளியில் முதன்முறை பார்ப்பவரிடம் 'உங்கள் அப்பா மேல் கோபமா?' என்று கேட்க முடியுமா, மாறன்? கதை அந்த மனசுக்குள்ளேயே நம்மை விடுகிறது.

இளவேனில்: நாவல்தான் வேண்டும் என்றில்லையே. ஒரு பக்கக் கதை போதும். அதே காட்சியைத் தந்தை சொல்வதுபோல் திருப்பி எழுதச் சொல்வேன். 'கொடுமைக்காரர்' என்றவர்களே எழுதும்போது அவர் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பிப்பார்கள்.

மாறன்: நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தேடிக் கொடுப்பது தங்கள் வீட்டு நியாயமாக இருந்தால் யார் திருத்துவது?

கயல்விழி: எழுதியதை எடுத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் காணொளிப் பேச்சுக்குப் போகட்டும். பேச அப்போதுதான் விஷயமே இருக்கும்.

மாறன்: ஒருவரிடம் மட்டும் கேட்டால் அதுவும் ஒற்றைக் கதைதான், கயல்விழி. மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவராவது வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வகுப்பில் இலக்கியத்தைக் கட்டாயமாக்குவதை எதிர்த்துக்கொண்டுதான் இருப்பேன்.