புலாலை விட்ட தந்தைக்குப் பாதம் மரத்துப்போகிறது: கொள்கையைக் காத்து உடலையும் காக்க வழி உண்டா?

வைகைமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, புதன்கிழமை மீன், இடையில் முட்டை என்று வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்திற்கு வடலூர் சென்று திரும்பிய என் தந்தை, அன்றிலிருந்து கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டுவிட்டார். இப்போது அவருக்கு 61 வயது. சர்க்கரை நோய்க்கு ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

சில மாதங்களாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருப்பதாகச் சொல்லிவந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களும் இருந்துவிட்டோம். சென்ற மாதம் ஒரு நாள் வலது காலில் இருந்த செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் தெருமுனைப் பால்கடை வரை நடந்து சென்றுவிட்டார். பால்காரர் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். அதன் பிறகே இரத்தப் பரிசோதனை செய்தோம். நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 அளவு 138 என்று வந்தது. 200-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.4.

கறியும் முட்டையும் சாப்பிடச் சொல்லுங்கள் என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டு தினமும் வாதிடுகிறார். அப்பாவோ, கொடுத்த வாக்கை உடம்புக்காக மீற மாட்டேன் என்கிறார். காலையில் ஐந்து இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும், மாலையில் காபியுடன் முறுக்கு, இரவில் மூன்று தோசை அல்லது உப்புமா. இதுதான் அவருடைய ஒரு நாள் உணவு. அவருடைய கொள்கையைக் குலைக்காமல் உடலைச் சரிசெய்ய முடியுமா, அல்லது அண்ணன் சொல்வதுதான் சரியா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


உப்பளத்தான் எழுதுகிறார்:

சகோதரி, நான் தூத்துக்குடிக்காரன். மீன் இல்லாத உணவை நினைத்துப் பார்க்க முடியாத கரையில் பிறந்தவன் என்பதால், என் பேச்சில் அந்தச் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணன் பக்கம்தான் நான் நிற்கிறேன். நரம்பு கெட்டுப்போவது காத்திருக்கக் கூடிய விஷயமல்ல. நாங்கள் சாளை என்றும் மற்ற ஊர்க்காரர்கள் மத்தி என்றும் சொல்லும் மீன், விலை குறைந்த மீன்களில் ஒன்று. அதில் பி12 நிறைய இருக்கிறது, இதயத்திற்கு உகந்த ஒமேகா 3 கொழுப்பும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் கிடைக்கத்தான் செய்யும்.

சைவம் என்றாலே ஆரோக்கியம் என்ற எண்ணத்தையும் நான் ஏற்பதில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளியானது. சைவ உணவினருக்கு மாரடைப்பு வகை இதய நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. மீன் உண்டு இறைச்சியை விட்டவர்களுக்கும் இதய நோய் 13 சதவீதம் குறைந்திருந்தது. மீனை மருந்தாக நினைத்து எடுத்துக்கொள்ளும்படி அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். நோயாளி மருந்தாக உண்பதை எந்த நெறியும் பாவமென்று சொல்லாது என்பது என் நம்பிக்கை.


சன்மார்க்கச் சிறியேன் எழுதுகிறார்:

அம்மா, இருபத்திரண்டு ஆண்டுகளாக வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் இருப்பவன் நான். மேலே எழுதிய ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன வழி உங்கள் தந்தைக்கு வழியாகாது. எங்களுக்குப் புலால் மறுப்பு என்பது ஆரோக்கியத்திற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அல்ல. உண்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விற்பதற்காக ஊன் தருவார் இல்லை என்று குறள் சொல்வதை உள்ளத்தில் ஏற்றுக்கொண்டவரிடம், இந்த ஒரு மீனை மட்டும் மருந்தென்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் மனம் உடைந்துபோகும். 1867-இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அந்த அடுப்பின் முன் நின்று எடுத்த முடிவை அவர் எளிதில் விடமாட்டார், விடவும் வேண்டியதில்லை.

அதே வேளையில், எங்கள் அன்பர்களிடையே உள்ள ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் உண்டால் எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பினேன். கீரை அருமையான உணவு. வள்ளலாரே அவற்றை நாள்தோறும் கொள்ளச் சொன்னார். ஆனால் பி12 எந்தக் கீரையிலும் இல்லை. எனக்கும் நாக்கு சிவந்து வழவழத்து, படிக்கட்டில் ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்பியும் ஓர் ஆண்டை வீணாக்கினேன்.

நான் தேறியது மாத்திரையால்தான். அந்த பி12 விலங்கிலிருந்து எடுக்கப்படுவதல்ல. நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். தயிர் உறைவதை ஏற்கும் எவரும் இதை ஏற்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேப்சூல் எனப்படும் கூடுகளில் பெரும்பாலானவை விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வரும் ஜெலட்டினால் ஆனவை. மருந்தைக் கையில் வாங்கியதும் அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கூடில்லாத மாத்திரையாகவோ ஊசியாகவோ எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.


உணவியலாள் எழுதுகிறார்:

நான் ஓர் அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் தந்தையைப் போன்றவர்களைப் பெரும்பாலும் எல்லா வாரமும் பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. இந்த நிலையில் மீனோ முட்டையோ கொடுத்துக் குறையைத் தீர்க்கப் பார்ப்பது காலத்தை வீணாக்கும். நரம்பில் அறிகுறி வந்தபின் ஊசியில் தொடங்குவதே வழக்கம். அசைவம் உண்பவராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். காரணம், அவருக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டிருக்கிறது: உணவில் பி12 வரவில்லை, வருகிற சிறிதையும் குடல் உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. நீண்ட நாள் அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, கறி தின்பவராக இருந்தாலும், இந்தக் குறை வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் பாதத்தைத் தனியாகவும் பரிசோதித்துவிடுங்கள்.

ஆறு ஆண்டுகள் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். அது தீரும்வரை உடல் காட்டிக்கொடுக்காது. பருப்பிலும் கீரையிலும் உள்ள ஃபோலேட் என்னும் வைட்டமின் இரத்தத்தை ஓரளவு சரியாகவே காட்டிக்கொண்டிருக்க, உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. ஆகவே இரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது.

இனி அவருடைய தட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் புலாலை விட்டது பிரச்சினையல்ல. புலால் இருந்த இடத்தில் என்ன வந்தது என்பதுதான் பிரச்சினை. உங்கள் வீட்டில் அந்த இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் முறுக்கும் நிரப்பிவிட்டன. கறியை விட்ட பலருடைய வீட்டிலும் இதே கதைதான், மீன் துண்டு போன இடத்தில் இன்னொரு கரண்டி சோறு விழும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டில் பரிந்துரைக்கப்படும் புரத அளவு. அவர் 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் 54 கிராம் வேண்டும். நீங்கள் சொன்ன உணவைக் கூட்டிப் பார்த்தால் நாற்பதைச் சுற்றித்தான் நிற்கிறது, அதிலும் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருவது. இரண்டு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், 2,000 கலோரி உணவில் பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் 300 மில்லி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். 85 கிராம் பருப்பு என்பது அரை ஆழாக்குக்குச் சற்றுக் கூடுதல், அதுவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு. சாம்பாரை மட்டும் வைத்து அந்த அளவை எட்டவே முடியாது. காலையில் இட்லியை மூன்றாகக் குறைத்து, ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல் வையுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, உருளைக்கிழங்குக்குப் பதிலாக அவரைக்காயோ பீன்ஸோ போட்டுப் பருப்பு உசிலி செய்யுங்கள். முறுக்குக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை. இரவில் தோசைக்குப் பதிலாக அடை. சில நாள் மீல்மேக்கர், காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம்தான். தயிரைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இது கட்டாயம்.

பாலை நம்பி பி12 மாத்திரையை விட்டுவிடாதீர்கள். 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது, தேவை நாளுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல். இரண்டு வேளைக் காபியில் கலக்கும் பால் எந்த மூலைக்கு?

உப்பளத்தான் ஐயா சுட்டிய ஆய்வு உண்மையானது. ஆனால் அங்குள்ள சைவத் தட்டும் மதுரையின் சைவத் தட்டும் ஒன்றல்ல என்பதால், அந்த எண்களை அப்படியே இங்கு பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. மீன் நல்ல உணவு என்பதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. சாளைக் குழம்பை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.


கீழமாசி வீதி எழுதுகிறார்:

இத்தனை பேர் அப்பாவைப் பற்றியே பேசிவிட்டோம். அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

எங்கள் வீட்டில் மாமனார் மாலை போட்டு அசைவம் விட்டபோது, தனியாக ஒரு சட்டி வைக்கச் சோம்பி, மாமியாரும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். அவருக்கு எந்த நேர்த்தியும் இல்லை. கடைசியில் உட்கார்ந்து சாம்பாரின் தெளிவை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அசைவம் உண்பவர்கள்தான்; ஆனாலும் 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. கறி வீட்டுக்கு வருகிறதா என்பதோடு அது யார் தட்டில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் தாயாரையும் அழைத்துப் போங்கள்.


வைகைமகள் மீண்டும் எழுதுகிறார்:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். ஊசி போடத் தொடங்கியிருக்கிறார். மருந்து நுண்ணுயிரிலிருந்து வருவது என்பதை அப்பாவே அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். மருந்துக்கடையில் கொடுத்த கேப்சூல் அட்டையைத் திருப்பிக் கொடுத்து மாத்திரையாக மாற்றிக்கொண்டோம். அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் வீட்டில் இன்னொரு சண்டை நடந்திருக்கும். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. எறும்பு ஊர்வது குறைந்திருப்பதாகச் சொல்கிறார். உள்ளங்காலில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், முழுமையாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இட்லி மூன்றானதில் அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான். அடையை மட்டும் விரும்பிக் கேட்கிறார்.

கீழமாசி வீதி என்ற பெயரில் எழுதியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அம்மாவின் ஹீமோகுளோபின் 9.1. அவர் மீன் சாப்பிட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்பதை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் கவனிக்கவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருக்கிறோம், சாப்பிட்டவுடன் காபி குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாளை வாங்கிவந்தார். அம்மா பையைத் தொடாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்னை நான் எப்போது விடச் சொன்னேன்?" என்று கேட்டார். பிறகு எழுந்து போய், பரணிலிருந்த மீன்சட்டியை அவரே இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.