கத்திக்குத்து இழப்பீடு, ஆலோசகர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

என் சித்தி பையனுக்கு 19 வயது. போன வருடம் கையில் வெட்டு, இப்போது அதே தகராறில் வயிற்றில் குத்து, குடல் ஆபரேஷன் முடிந்து வயிற்றோரம் கழிவுப் பையோடு படுத்திருக்கிறான். தனியார் மருத்துவமனை பில் கட்ட சித்தி இருந்த நகையெல்லாம் அடகு வைத்துவிட்டார். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 396-ஆவது பிரிவில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம், யாராவது வாங்கியிருக்கிறீர்களா? எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி தவிர என்ன கேட்டார்கள்?

அப்புறம், பணத்தைவிடப் பெரிய பயம், எழுந்து நடந்ததும் பழிவாங்கக் கிளம்பிவிடுவானோ என்பதுதான், கூட்டாளிகள் வார்டுக்கே வந்து உசுப்பேற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஓக்லண்டில் 1994 முதல் இப்படி அடிபட்ட பையன்களைக் கட்டிலருகிலேயே பார்த்துப் பேசி, படிப்பு, வேலை என்று கூடவே நிற்கிறார்கள். சென்னையில் அப்படிப் பேசக்கூடிய ஆலோசகர் யாரையாவது தெரியுமா? டிஸ்சார்ஜுக்கு முன்னால் வந்தால் நல்லது.